நாயோடு மூன்று கிலோமீட்டர்: எட்டு வாரத் தயாரிப்பிலிருந்து ஓட்ட நாள் வரை

மூச்சு வாங்கினால் நாம் நடக்க ஆரம்பித்துவிடுவோம். நாய் அப்படி இல்லை. கூட வருகிற ஆள் ஓடும்வரை, பக்கத்தில் பத்து நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடும்வரை அதுவும் ஓடும். உடம்பு தாங்காத கட்டத்தில்தான் தள்ளாடும், அதற்குள் காரியம் கெட்டிருக்கும். அதனால் நாயோடு ஃபன் ரன்னுக்குத் (போட்டிக்காக இல்லாமல் மகிழ்ச்சிக்காக ஓடும் பொது ஓட்டம்) தயாராவதில் பாதி வேலை நாயின் காலுக்கு என்றால், மீதிப் பாதி நம் கண்ணுக்கு. எப்போது நிறுத்துவது என்று பார்க்கப் பழக வேண்டும்.

இந்த வழிகாட்டி 3 கிலோமீட்டர் ஓட்டத்துக்கானது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் புழுக்கத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கிலோமீட்டருக்கு ஏழெட்டு நிமிடம் என்ற நிதானத்தில் 21 முதல் 24 நிமிடத்தில் முடிகிற ஓட்டம். பதக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தருவார்கள், ஆகவே வேகத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த நாய் ஓடலாம், எது வேண்டாம்

முதலில் முகத்தைப் பாருங்கள். பக், புல்டாக், ஷிட்ஸு, பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல். நாய் உடம்புச் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதால்தான். இளைக்கிற வழியே குறுகியிருந்தால் சூடு எங்கே போகும்? இவற்றை ஓட்டப் பிரிவில் சேர்க்காதீர்கள். நடைப் பிரிவு இருந்தால் விடியற்காலையில் ஒரு கிலோமீட்டர் நடக்கலாம். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இரட்டை ரோமக்காரர்களும் சமவெளியில் ஓட வேண்டாம். வெயிலுக்கு நல்லது என்று மொட்டை அடித்துவிடுவதும் தவறு. அந்த ரோமம் வெளிச்சூட்டையும் ஓரளவு தடுக்கிறது.

அடுத்து வயது. எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மூடிய பிறகுதான் தொடர் ஓட்டம். சிறிய, நடுத்தர நாய்களுக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் போன்ற பெரிய உடம்புகளுக்கு ஒன்றரை வயது. ஏழெட்டு வயதைத் தாண்டியதென்றால் இதயத்தையும் மூட்டுகளையும் மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே தொடங்குங்கள்.

எடையைப் பார்க்கத் தராசு வேண்டாம், விலாவைத் தடவினால் போதும். உங்கள் கையை விரித்துப் புறங்கையின் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலாவும் அப்படி இருந்தால் சரி. மடக்கிய முட்டியின் மேடுபள்ளம் போல் துருத்தினால் ஒல்லி. உள்ளங்கைச் சதை மாதிரி அமுங்கினால் கொழுப்பு. அபார்ட்மென்ட் லாப்ரடார்களில் நிறையப் பேர் இந்த மூன்றாவது வகைதான். அவர்களுக்கு எட்டு வார ஓட்டப் பயிற்சிக்கு முன்னால் இரண்டு மாத நடையும் அளவான சாப்பாடும் தேவை.

நம் ஊர் இனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய உடம்பு. கண்ணில் பட்டதும் பறந்து, சிறிது தூரத்திலேயே கதையை முடிக்கிற வேகம். இருபது நிமிடம் ஒரே நிதானத்தில் ஓடுவது அவற்றுக்குப் புதுப் பாடம். ஓடத் தெரிந்த இனம்தானே என்று முதல் நாளே 3 கிலோமீட்டர் கூட்டிப் போகாதீர்கள். பூனையோ ஆட்டுக்குட்டியோ தெரிந்தால் இழுக்கிற இழுப்பில் உங்கள் தோள் கழன்றுவிடும். தலை ஒல்லியாகவும் கழுத்து அதற்குச் சமமாகவும் இருப்பதால் கழுத்து பெல்ட்டை நொடியில் உருவிக்கொள்ளும். ராஜபாளையம் இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதுகுப் பக்கமாக நின்று கை தட்டிச் சோதித்துவிட்டு, கேட்கவில்லை என்றால் எல்லாச் சைகையையும் கயிற்றின் அசைவால் பழக்க வேண்டும். அதன் இளஞ்சிவப்பு மூக்கும் மெல்லிய தோலும் வெயிலில் சீக்கிரம் சிவக்கும்.

தத்தெடுத்த நாட்டு நாய் இருக்கிறதா? குட்டை ரோமம், அளவான எடை, நீண்ட மூக்கு. இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டத் துணை அநேகமாக இல்லை. அதற்குப் பிரச்சினை உடம்பில் வராது, கூட்டத்தைக் கண்ட பயத்தில்தான் வரும்.

மாதமும் மணியும்

ஐரோப்பாவில் கேனிக்ராஸ் என்றொரு விளையாட்டு இருக்கிறது. ஓடுபவர் இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து சுமார் 2 மீட்டர் மீள் கயிற்றில் நாயை முன்னால் இழுக்கவிட்டு ஓடுவார். பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் கொடுத்த பயிற்சியிலிருந்து வளர்ந்தது அது. அங்கே பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே தூரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையில் ஜனவரி மாத விடியற்காலையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பமே 21 டிகிரி அளவு. அவர்கள் தயங்கி நிற்கிற இடத்தில்தான் நாம் ஆரம்பிக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

வெப்பத்தைவிடப் புழுக்கம் மோசம். நாக்கின் ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். கடலோர ஊர்களில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மொட்டைமாடியில் போட்ட துணி காயாத நாளில் நாயின் நாக்கும் காயாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரிதானே என்று செல்போன் காட்டுவதை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது.

சமவெளிக்கு ஏற்ற காலம் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. ஜனவரி கடைசியில் நடக்கும் ஓட்டமாகப் பார்த்துப் பதிவு செய்தால் பயிற்சியை டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதியையும் தாண்டியிருப்போம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நாய் நக்குவதுதான் பெரிய தலைவலி. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். மார்ச் முதல் செப்டம்பர் வரை யார் அழைத்தாலும், டி-ஷர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும், போக வேண்டாம். உதகை, கொடைக்கானல் கணக்கு வேறு.

நேரம்: துப்பாக்கி வெடிப்பதோ கொடி அசைப்பதோ 6 மணிக்கு நடக்க வேண்டும், மிஞ்சிப்போனால் 6.15. ஜனவரியில் சென்னையில் சூரிய உதயம் கிட்டத்தட்ட 6.30. ஏழு மணிக்கு முன் நாய் நிழலில் இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் ஒரு தடவை

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே போங்கள். ரேபிஸ், டிஎச்பிபி (டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டு ஊசி), லெப்டோ தடுப்பூசிகள் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, ஏதாவது போட வேண்டியிருந்தால் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட இரண்டு நாளுக்குப் பயிற்சி வேண்டாம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ரேபிஸ் சான்றும் உரிமமும் செல்போனில் ஒரு பிரதி, பையில் ஒரு பிரதி.

உண்ணிக் காய்ச்சலைத் தனியாகக் கேளுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு. அது பரப்பும் எர்லிக்கியா கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். வெளியே நாய் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும், அவ்வளவுதான். ஈறு வெளிறியிருந்தால், மூக்கில் ரத்தம் வந்திருந்தால், சில நாளாகச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போனால், ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஓட விடாதீர்கள்.

பெல்ட், செயினை வீட்டில் வையுங்கள்

கழுத்து பெல்ட்டில் செயின் மாட்டி ஓடினால் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மூச்சுக்குழாய் நசுங்கும். மூச்சுதான் நாயின் குளிர்சாதனம் என்றபோது அதை நாமே அடைக்கலாமா? கழுத்தை விட்டு நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வேண்டும். நெஞ்சில் ஆங்கில ஒய் எழுத்தைப் போல் பிரியும் வகையை வாங்குங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே கிடைமட்டமாக ஒரு பட்டை போகும் வகை தோள்பட்டை முன்னால் வீசுவதைத் தடுக்கும். கடையில் அது மலிவாகவும் மாட்டச் சுலபமாகவும் இருப்பதால்தான் எல்லோர் கையிலும் இருக்கிறது.

முன்காலுக்குப் பின்னால், நெஞ்சு மிக அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுத்து வாங்குங்கள். மாட்டிய பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அக்குளுக்கும் வயிற்றுப் பட்டைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஓடும்போது தோல் உராய்ந்து புண்ணாகும். முதல் ஒரு வாரம் நடைக்கு மட்டும் மாட்டி, வீடு திரும்பியதும் அக்குளில் ரோமம் தேய்ந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று விரலால் விலக்கிப் பாருங்கள்.

கயிறு ஒன்றரை மீட்டர், பின்னிய துணிப் பட்டையாக இருக்கட்டும். இரும்புச் செயின் கையை அறுக்கும், நாய்க்கும் சுமை. பட்டனை அழுத்தினால் நீளும் சுருள் கயிறு கூட்டத்தில் ஆபத்து. ஐந்து மீட்டர் தள்ளிப் போன நாயின் மெல்லிய கயிறு யாரோ ஒரு குழந்தையின் கணுக்காலைச் சுற்றும். இடுப்புப் பட்டை பிடித்திருந்தால் பயிற்சியில் பயன்படுத்தலாம். அது இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், முதுகு வளைவில் அல்ல. ஆனால் ஓட்ட நாளின் நெரிசலுக்குக் கையில் பிடித்த குட்டைக் கயிறுதான் நல்லது. லண்டன் பக்கம் வசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பிரிட்டனில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன்னில் 2022 அக்டோபரிலிருந்து இடுப்புப் பட்டைக்கு அனுமதி இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாய், கையில் நீளாத குட்டைக் கயிறு, அவ்வளவே.

வாய்மூடி போடச் சொன்னால் கூடை வகையை மட்டும் போடுங்கள். உள்ளே வாயை அகலத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். துணியால் வாயை இறுக்கும் வகையோடு ஓடவைத்தால் நாயைச் சூட்டில் அடைத்து வைப்பதும் அதுவும் ஒன்றுதான். கழுத்தில் போன் எண் பொறித்த வில்லை தொங்கும் லேசான பெல்ட் மட்டும் எப்போதும் இருக்கட்டும், கயிறு அதில் வேண்டாம்.

ஐந்து சொற்கள்

நில், மெதுவா, விடு, இடப்பக்கம், வலப்பக்கம். இந்த ஐந்தும் போதும். ஆனால் இடது, வலது என்று பழக்காதீர்கள். இரண்டும் காதில் ஒரே மாதிரி முடிகின்றன, ஓடும் நாய்க்குப் பிரித்துத் தெரியாது. லெப்ட் ரைட் என்று வைத்துக்கொண்டால் வேறு சிக்கல். பஸ் கண்டக்டர் கொடுக்கிற ‘ரைட், ரைட்’ நம் நாக்கிலும் ஊறிப்போனது, கிளம்பும்போதெல்லாம் தன்னால் வந்துவிடும். ஒன்றுக்கு ‘லெப்ட்’, இன்னொன்றுக்கு ‘வலம்’ என்று கலந்து வையுங்கள். இலக்கணம் பார்க்கிற இடமா இது? ஒலி வேறாக இருந்தால் போதும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘நில்’, அம்மா ‘ஸ்டாப்’, பாட்டி ‘இருடா’ என்றால் ஓட்ட நாளில் ஒன்றுக்கும் நிற்காது. நடைப் பயிற்சியின்போது திருப்பத்துக்கு மூன்று அடி முன்னால் சொல்லைச் சொல்லி, திரும்பியதும் சின்னத் துண்டு வேகவைத்த கோழி. ஒரு நடைக்கு எட்டுப் பத்துத் திருப்பம். இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ‘விடு’ தான் இதில் உயிர்காக்கும் சொல்: ரோட்டோரப் பிரியாணி எலும்பு, மீன் முள், எலி மருந்து எதுவாக இருந்தாலும்.

எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், நடுவே ஒவ்வொரு நாள் இடைவெளி. மற்ற நாட்களில் வழக்கமான நடை. இப்போது அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடக்கிற நாய் என்ற கணக்கில்தான் இது. அது முடியவில்லை என்றால் முதலில் அதைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை.

1, 2-ஆம் வாரம்: ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு சுற்று.
3, 4-ஆம் வாரம்: இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு சுற்று.
5, 6-ஆம் வாரம்: நான்கு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, நான்கு சுற்று.
7-ஆம் வாரம்: எட்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை, இரண்டு சுற்று. ஒரு நாள் மட்டும் நடுவே நடந்து 3 கிலோமீட்டர் முழுவதும்.
8-ஆம் வாரம்: பாதியாகக் குறைத்து இரண்டே நாள். கடைசி இரண்டு நாள் வெறும் நடை.

நடைக்கு மாறியதும் மூன்று நிமிடத்துக்குள் இளைப்பு தணியத் தொடங்க வேண்டும். தணியவில்லை என்றால் அன்று அத்தோடு சரி, அடுத்த வாரமும் அதே அளவு. வேகத்தை நாய் முடிவு செய்யட்டும். கயிறு உங்கள் முன்னால் அல்லது பக்கத்தில் தளர்ந்திருந்தால் அது ஓடுகிறது. உங்களுக்குப் பின்னால் இழுபட்டால் நீங்கள் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

தரை முக்கியம். செம்மண், புல், கடற்கரையில் அலை நனைத்த கெட்டி மணல் நல்லது. காய்ந்த மணலில் ஓடினால் தசைநார் இழுபடும். கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள், வாந்தியும் பேதியுமாகப் போகும், அதிகமானால் உப்பே விஷம். ஓட்டம் நடப்பது தார் ரோட்டில் என்றால் ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாளாவது தாரில் ஓடிப் பாத மெத்தையைப் பழக்க வேண்டும். மெத்தை தேய்ந்து உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் முழுதாக ஆறும்வரை ஓட்டம் இல்லை. டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக் டக் என்று நகம் சத்தம் போட்டால் நகம் நீளம். வெட்டிவிட்டு ஓடுங்கள், இல்லையென்றால் வேர் வரை பிளக்கும்.

மைதானங்களில் நெருஞ்சி உண்டு. ஓடிக்கொண்டிருந்த நாய் சட்டென்று மூன்று காலில் தத்தினால் சுளுக்கு என்று பயப்படுவதற்கு முன் முள்ளைத் தேடுங்கள். உட்காரவைத்து, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்து, மறு கையால் விரல்களை விரித்து, தண்ணீர் தொட்டு ரோமத்தை விலக்குங்கள். காய்ந்த பழுப்பு நிறத்தில் இரண்டு கொம்போடு சின்னக் காய் ஒன்று மெத்தையில் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் பற்றி, குத்திய திசையிலேயே நேராக இழுங்கள். திருகினால் நுனி உள்ளே ஒடியும். எடுத்ததும் நான்கு காலில் நடந்தால் தொடரலாம். கருவேல முள் ஆழமாகப் போயிருந்தால் அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெருநாய்கள்

பயிற்சியைக் கெடுப்பதில் வெயிலுக்கு அடுத்த இடம் இவற்றுக்குத்தான். அவற்றின் தெருவில் நம் நாய் ஓடுவதே தப்பு, ஓடுவதைப் பார்த்தால் துரத்தாமல் இருக்க முடியாது. குரைப்பு கேட்டதும் ஓட்டத்தை நிறுத்தி நடைக்கு வாருங்கள். கயிற்றை ஒரு கை நீளத்துக்குச் சுருட்டி, நம் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவே நீங்கள் வாருங்கள். நேராக முறைக்காமல் மெதுவாக எதிர்ப்பக்கம் கடந்துவிடுங்கள். குனிந்து கல் எடுப்பது போல் பாவனை காட்டினால் பெரும்பாலும் விலகி ஓடும், ஊரறிந்த உபாயம். ஆனால் வெறும் பாவனையோடு நிறுத்துங்கள். தத்தெடுத்த நாட்டு நாய் உங்களோடு இருந்தால் அதுவும் வேண்டாம். அந்தக் குனிதல் அதற்குப் பழைய ஞாபகத்தைக் கிளப்பி, உங்களையே கண்டு மிரளும். ஒரே தெருவில் மூன்று தடவை இப்படி ஆனால் வழியை மாற்றிக்கொள்ளுங்கள். கடி வாங்கினால் சிறிய காயமானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உங்களுக்கும் நாய்க்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நாய்ப் பிரிவு எத்தனை மணிக்குக் கிளம்பும்? மற்றவர்களோடு சேர்த்தா, தனியாகவா? பாதை என்ன தரை? தரையில் வைத்த தண்ணீர்த் தொட்டி எத்தனை இடத்தில்? கால்நடை மருத்துவர் களத்தில் இருப்பாரா? இதில் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் பதில் சரியில்லை என்றால் பணம் கட்ட வேண்டாம். ‘மனிதர்கள் ஓடி முடித்த பிறகு ஏழரைக்கு நாய்கள்’ என்று அட்டவணை போடுபவர்களுக்கு நாயைப் பற்றித் தெரியாது. ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கும் பெண் நாய், சினை நாய், முன்பு இன்னொரு நாயையோ ஆளையோ கடித்த நாய் மூன்றும் வீட்டில் இருக்கட்டும்.

முந்தைய இரவும் அந்தக் காலையும்

இரவு வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரம். புதிதாக எதுவும் வேண்டாம். காலையில் சாப்பாடு இல்லை. வயிறு நிறைந்த நாய் ஓடினால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு, நெஞ்சு ஆழமான பெரிய இனங்களுக்குக் கூடுதலாக. சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடிய கோளாறு அது. கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் (ஒன்று குடிக்க, ஒன்று மேலே ஊற்ற), மடக்குக் கிண்ணம், மலம் அள்ளும் பைகள் நான்கு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், சிறு துண்டு, பஞ்சு, கட்டுத்துணி, சான்றிதழ்ப் பிரதிகள், கோழித் துண்டுகள். அருகிலுள்ள, காலை 6 மணிக்குத் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை முந்தைய நாளே அழைத்து உறுதி செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல கிளினிக் பூட்டியிருக்கும், அது நடந்த பிறகுதான் தெரியவரும்.

முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். மேடைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். எந்த ஓட்டத்துக்குப் போனாலும் ஸ்பீக்கரை அலறவிட்டு ஜும்பா ஆடவைப்பார்கள். அந்தச் சத்தத்திலேயே நாயின் இதயம் ஓட ஆரம்பித்து, ஓட்டம் தொடங்கும் முன்பே இளைத்துப் போகும். நூறு மீட்டர் தள்ளி, மரத்தடியில், மூக்கைத் தரையில் ஓட்டி மோப்பம் பிடிக்க விடுங்கள். மலம் கழித்ததை உறுதி செய்துகொண்டு கிளம்புகிற வரிசையின் கடைசிக்குப் போங்கள்.

பாதையில்

முன்னால் இருக்கும் கூட்டம் கலையட்டும், இருபது முப்பது நொடி கழித்துக் கிளம்புங்கள். நாய் பாதையின் ஓரப் பக்கம், நீங்கள் மற்ற ஓட்டக்காரர்கள் பக்கம். இன்னொரு நாயைத் தாண்டும்போது ‘பின்னால வர்றோம்’ என்று குரல் கொடுத்து, கயிற்றைச் சுருட்டி, இரண்டு மீட்டராவது விலகித் தாண்டுங்கள். கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தால் அந்த நாய்க்கு நெருக்கம் ஆகாது என்று பொருள். முகர்ந்து பழகட்டும் என்று விடாதீர்கள். நாய்கள் மூக்கோடு மூக்கு வைத்து நட்பாக நிற்கிற மாதிரிதான் சண்டை ஆரம்பிக்கும், அதுவும் கயிறு இறுகியிருக்கும்போது.

முதல் 500 மீட்டர் பயிற்சி வேகத்தைவிட மெதுவாக. எல்லா நாயும் அந்த இடத்தில்தான் வெறி பிடித்தாற்போல் இழுக்கும், எல்லா ஆட்களும் அங்கேதான் கூடவே பறப்பார்கள். கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஓரத்தில் நின்று, 20 கிலோ நாய்க்கு 100 மில்லி அளவு தண்ணீர் கொடுத்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் கொஞ்சம் ஊற்றுங்கள். மடமடவென்று ஒரு லிட்டரை உறிஞ்ச விடாதீர்கள்.

நின்ற அந்த நேரத்தில் வாயைப் பாருங்கள். சாதாரணமாக இளைக்கும் நாயின் நாக்கு நீளமாகத் தொங்கும், நுனி மெலிந்திருக்கும். சூடு ஏறும்போது நாக்கு அகலும், நுனி கரண்டி மாதிரி விரிந்து ஓரம் மேலே சுருளும். எச்சில் தண்ணீராக வடிவது போய்க் கம்பியாக இழுக்கும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: வழக்கமான ரோஜா நிறம் செங்கல் சிவப்பாக மாறியிருந்தால் ஓட்டம் முடிந்தது. நிழலைக் கண்ட இடத்தில் ஒதுங்குவது, கோழித் துண்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது, கயிறு பின்னால் போவது எல்லாம் அதற்கு முன்பே வரும் அறிகுறிகள். மீதியை நடங்கள், அல்லது தூக்கிக்கொண்டு வாருங்கள். நடந்து முடித்தாலும் பதக்கம் கொடுப்பார்கள்.

சூடு தலைக்கேறிவிட்டால்

தள்ளாட்டம், கூப்பிட்டால் திரும்பாத வெறித்த பார்வை, வாந்தி, ரத்தப் பேதி, விழுந்து வலிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரம். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால் அங்கேயே குளிரவையுங்கள். வரிசை அதுதான்: முதலில் குளிர்ச்சி, பிறகு வண்டி. கையில் கிடைக்கிற எந்தத் தண்ணீரையும், குழாயோ கேனோ, கழுத்திலிருந்து வால் வரை, வயிற்றிலும் அக்குளிலும் தொடர்ந்து ஊற்றுங்கள். தலை தூக்கி இருக்கட்டும், மூக்கில் போகக் கூடாது. இரண்டு பேர் அட்டையால் விசிறட்டும். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள், சில நிமிடத்தில் அது சூடாகிப் போர்வையாகிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, நமக்குப் போடும் பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் நாய்க்கு விஷமாகலாம்.

தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நன்றாக ஓடி முடித்த ஆரோக்கியமான நாய்க்கும் 104 காட்டலாம். நிழலில் நின்றால் பத்து நிமிடத்தில் இறங்க ஆரம்பிக்கும். 105-ஐத் தாண்டினாலோ, இறங்க மறுத்தாலோ, எண் குறைவாக இருந்தும் தள்ளாடினாலோ குளிரவைத்து, 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி, ஏசி போட்ட அல்லது கண்ணாடி இறக்கிய வண்டியில் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகமும் ரத்த உறைதலும் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், பிறகு நிழல். பரிசளிப்பு, போட்டோ, விருந்தினர் பேச்சு என்று எட்டரை ஆகிவிடும். அதுவரை தார் தரையில் நாயை நிறுத்திவைப்பதுதான் ஓட்டத்தைவிடக் கொடுமை. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதற்கும் முடியாது. போட்டோவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு கிளம்பலாம். காரில் விட்டுவிட்டுப் பரிசு வாங்கப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட.

ஓட்டம் முடிந்தால் பொங்கல், வடை, சாம்பார் தருவார்கள். பக்கத்தில் இருப்பவர் அன்போடு நாய்க்கும் நீட்டுவார். வேண்டாம். சாம்பாரிலும் வடையிலும் வெங்காயம் இருக்கும், அது நாயின் சிவப்பணுவைச் சிதைக்கும். ஓட்டக்காரர்களின் எனர்ஜி பாரில் திராட்சை, ஜெல்லில் காஃபின், சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி. மூன்றும் நாய்க்கு ஆகாதவை. இளைப்பு முழுதாக அடங்கி ஒரு மணி நேரமாவது போன பிறகு, வீட்டில், வழக்கமான அளவில் பாதிச் சாப்பாடு. தயிர் சாதம் பழகிய நாய்க்கு அதுவே தாராளம்.

வீட்டில் நான்கு பாதங்களையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, காதுமடல், அக்குள் மூன்றிலும் உண்ணி தேடுங்கள். அடுத்த இரண்டு நாள் சும்மா நடை மட்டும். மறுநாள் காலை எழும்போது பின்கால் கொஞ்சம் விறைத்திருந்தால் பரவாயில்லை, பத்தடி நடந்ததும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். காபி நிறம் தசை சிதைந்ததன் அடையாளமாக இருக்கலாம். சிறுநீரில் ஒரு டம்ளர் பிடித்து எடுத்துப் போனால் அவர் வேலை சுலபமாகும்.